சாமியார் படிப்பும் சினிமாப் பாட்டும்

போன வாரம் காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கோஷ்டியில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. பேரன் போனில் காட்டுவதையெல்லாம் மறுநாள் எங்களிடம் கொண்டுவந்து கேள்வியாகக் கேட்பார். அன்றைக்குக் கேட்டது இது: "ஏன் சார், அமெரிக்காவில ஒரு சாமியார் ஜாஸ் பியானோ வாசிச்சு ரிக்கார்டெல்லாம் போட்டிருக்காராமே. உங்க ஆளுங்கள்ல நம்ம பக்கம் அப்படி யாராச்சும் உண்டா?"

அவர் சொன்னது டாம் வான் என்பவரை. எபிஸ்கோபல் சபையில் குருவாக இருந்தவர், 1960களில் ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு ஜாஸ் இசைத்தட்டு போட்டவர். இந்த வரிசை பழைய வரிசைதான். வெனிஸ் நகரத்து விவால்டி 1703-ல் குருப்பட்டம் வாங்கினார். கொஞ்ச நாளிலேயே நெஞ்சு நோவு என்று பூசை வைப்பதை நிறுத்திவிட்டு, அநாதை விடுதிப் பெண்களுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்தார். பியானோவில் ஐரோப்பாவையே ஆட்டிவைத்த லிஸ்ட் அதற்கு நேர் எதிர். கச்சேரி, கைத்தட்டல் எல்லாம் பார்த்து முடித்து 1865-ல் ரோமாபுரியில் சிறு பட்டங்கள் வாங்கி அங்கி போட்டுக்கொண்டார். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அவரை 'அபே லிஸ்ட்' என்றுதான் சொல்வார்.

நம் பக்கத்தில் யார் என்று நண்பர் விடவில்லை. எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஜெரி அமல்தேவ். ஜாஸ் பியானோக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. சாமியார் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. சாமியார் படிப்பை முடிக்காமல் வெளியே வந்தவர், ஜாஸ் பிறந்த ஊரில் போய் சங்கீதம் படித்தவர். அவ்வளவுதான் பொருத்தம். ஆனால் அவர் பேரைச் சொன்னதும் டீக்கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. "பூவே பூச்சூடவா பார்த்திருக்கீங்களா?" என்றேன். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். "என் பொம்முக்குட்டி அம்மாவுக்கு?" அதுவும் பார்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு கதைகளும் முதலில் மலையாளத்தில் வந்தபோது பாட்டுப் போட்டவர் இவர்தான். தமிழுக்கு வரும்போது கதை வந்தது, டைரக்டர் பாசில் வந்தார், பத்மினியும் நதியாவும் வந்தார்கள். பாட்டு மட்டும் வரவில்லை, தமிழுக்கு இளையராஜா. அதனால் நம் ஊரில் இவரைத் தெரியாமல் போயிற்று. அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்குச் சொந்தமாக ஒரு காரணமும் உண்டு, அது நடுவில் வரும்.

ஜெரி அமல்தேவ் 1939-ல் கொச்சியில் பிறந்தவர். கோவில் பாட்டுக் குழுவில் பாடிய பையன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சாமியாராகப் போகிறேன் என்று இந்தோரில் இருந்த எஸ்.வி.டி. சபையின் குருமடத்தில் சேர்ந்தார். ஜெர்மன்காரர்கள் அதிகம் இருந்த சபை அது. வடநாட்டில் வேலை செய்ய வந்த அவர்களில் ஜார்ஜ் ப்ரோக்ஷ் என்று ஒரு சாமியார் ஹிந்தியில் பஜனைப் பாட்டுகள் கட்டினார், பைபிள் கதைகளை நாட்டிய நாடகமாகப் போட்டார். வெள்ளைக்காரச் சாமியார் தபேலா வைத்துக்கொண்டு யேசுவைப் பாடுவதைப் பார்த்து அந்தக் காலத்து விசுவாசிகள் எவ்வளவு திகைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

குருமடத்தில் படிப்பது என்றால் என்ன என்று நம் வாசகர்கள் பலருக்குத் தெரிய வழியில்லை. பூந்தமல்லியில் திரு இருதயக் குருமடம் இருக்கிறதே, அதன் வாசலை பஸ்ஸில் ஆயிரம் தடவை கடந்திருப்போம். 1936-ல் தொடங்கியது. அப்போது சென்னைக்குப் பேராயராக இருந்தவர் லூயி மத்தியாஸ் ஆண்டகை, பாரீஸில் பிறந்தவர். உள்ளே நடக்கும் படிப்பில் தத்துவம், வேத சாஸ்திரம், லத்தீன் என்று எல்லாம் உண்டு. கூடவே பாட்டும் உண்டு. இன்றைக்குப் பூசை தமிழில் நடக்கிறது. 1960கள் வரை லத்தீன்தான். லத்தீன் பூசைக்கு கிரகோரியன் ராகங்கள். அதற்கு நாலே கோடு போட்ட ஸ்வரத்தாள், சதுரம் சதுரமாக ஸ்வரங்கள். அதைப் பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டும். பிறகு ஐந்து கோடு போட்ட மேல்நாட்டு ஸ்வரத்தாள். பிறகு ஹார்மோனியம், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன். கடைசியாக நாலு குரல் பாட்டு.

இந்த நாலு குரல் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் கர்நாடக சங்கீதத்தில் பத்துப் பேர் சேர்ந்து பாடினாலும் பாட்டு ஒன்றுதான், எல்லாரும் ஒரே ஸ்வரத்தில் போவார்கள். அங்கே அப்படி இல்லை. ஒரே சமயத்தில் நாலு கூட்டம் நாலு வேறு ஸ்வரங்களைப் பிடிக்கும். மேலே சொப்ரானோ, அடுத்து ஆல்ட்டோ, கீழே டெனர், அடியில் பாஸ். தனித்தனியே கேட்டால் சிலது பாட்டு மாதிரியே இருக்காது, சேர்ந்தால்தான் பாட்டு. இதைப் பழகினவன் காது வேறு காது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் மேலே ஓடும் மெட்டை விட்டுவிட்டு அடியில் என்ன போகிறது என்று தேடும். நம் நாட்டில் 1950களில் சாதாரணக் குடும்பத்துப் பையனுக்குக் காசு வாங்காமல் இந்தக் காதைக் கொடுத்த இடங்கள் மிகக் குறைவு. குருமடம் அதில் ஒன்று.

இங்கே என் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் சாமியாருக்குப் படித்தவர்.

நாங்கள் புதுச்சேரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். 1957-ல் ப்ரெவே பரீட்சை முடித்த கையோடு வெளியூர்க் குருமடம் ஒன்றில் சேர்ந்தார். அன்றைக்குப் பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. லீவில் வரும்போதெல்லாம் அண்ணன் கோவில் ஹார்மோனியத்தில் உட்காருவார். தெருப் பையன்களைக் கூட்டி நாலு குரலாகப் பிரித்துப் பாட வைப்பார். நான் ஆல்ட்டோ, மீசை முளைக்கும் வரை.

1965-ல் ஒரு நாள் மத்தியானம் டிரங்குப் பெட்டியோடு வேட்டி சட்டையில் வந்து நின்றார். அங்கி இல்லை. பட்டத்துக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான் பாக்கி. ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "எனக்கு அழைப்பு இல்லப்பா" என்று மட்டும் சொன்னார். அம்மா சமையல் அறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாள் வரவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கு நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம். பெண் கேட்டுப் போன இடங்களில் மட்டும் சொன்னார்கள், "சாமியாராப் போயி திரும்பினவராமே." அண்ணன் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போனார். ஹார்மோனியத்தை அதற்குப் பிறகு தொடவே இல்லை. யாரும் தொடாதே என்று சொல்லவும் இல்லை.

குருமடத்தில் சேருகிறவர்கள் எல்லாரும் பட்டம் வாங்குவதில்லை. பாதிக்கு மேல் வருவதே பலருக்குப் பெரிது. சபைச் சட்டத்தில் அது குற்றமும் இல்லை, பார்த்துத் தெளிவதற்குத்தான் அத்தனை வருஷப் படிப்பு. ஆனால் ஊர்ச் சட்டம் வேறு.

ஜெரி அமல்தேவும் பட்டத்துக்கு முன்பே வெளியே வந்தார். ஏறக்குறைய அதே காலம். ஆனால் அவர் கொச்சிக்குத் திரும்பிக் கணக்கு எழுதவில்லை. பம்பாய்க்குப் போய் நௌஷாத்திடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

நௌஷாத் யார் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பைஜூ பாவ்ரா, மொகலே ஆஜம். லக்னோவில் பிறந்தவர், ஹிந்துஸ்தானி ராகத்தில் ஊறியவர். அவரிடம் குருமடத்துப் பையனுக்கு என்ன வேலை? இங்கேதான் சினிமா சங்கீதத்தின் ஒரு ரகசியம் இருக்கிறது. மியூசிக் டைரக்டர் மெட்டைப் பாடிக் காட்டுவார். ஐம்பது வயலின்காரர்கள் அதைக் கேட்டு அப்படியே வாசிக்க முடியாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, எந்த வாத்தியம் எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் பம்பாயில் பெரும்பாலும் கோவாக்காரர்கள். போர்த்துகீசியர் காலத்தில் கோவாவில் கோவிலுக்குக் கோவில் பங்குப் பள்ளி, பள்ளிக்குப் பள்ளி பாட்டு வாத்தியார். பூசைக்குப் பாடவும் வயலின் வாசிக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள். கொடுத்தது பூசைக்காக. பிழைப்புக்காகப் பையன்கள் அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். ராத்திரி ஓட்டலில் ஜாஸ், பகலில் சினிமா ஸ்டுடியோ.

சிக் சாக்லேட் என்று ஒருவர், நிஜப் பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். டிரம்பெட் வாசிப்பார். இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று பட்டம். அவரே சி. ராமச்சந்திராவின் 'அல்பேலா' படத்துக்கு உதவியாளர். அந்தோனி கொன்சால்வஸ் என்று இன்னொருவர், அப்பா கோவில் பாட்டுக் குழுவை நடத்தியவர். பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் குருபக்தியில்தான் 1977-ல் 'அமர் அக்பர் அந்தோனி'யில் அமிதாப் முட்டைக்குள் இருந்து வந்து தன் பெயராக அந்தப் பெயரைப் பாடினார். நாம் கைதட்டினோம், பெயருக்குச் சொந்தக்காரரை நினைத்தோமா? செபாஸ்டியன் டிசூசா இல்லாமல் சங்கர் ஜெய்கிஷன் பாட்டு அப்படி ஒலித்திருக்காது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். போஸ்டரில் இவர்கள் பெயர் கிடையாது. எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான், நோட் எழுதுகிறவன் ஒருவன், கையெழுத்து வேறு ஒருவர்.

ஆகவே ஜெரி அமல்தேவ் பம்பாயில் நுழைந்த வாசல் புதிது இல்லை. கோவில் பாட்டு அறையிலிருந்து ஸ்டுடியோவுக்கு ஏற்கெனவே ஒரு பாதை போட்டுத் தேய்ந்து கிடந்தது. மற்றவர்கள் மேல்நாட்டு சங்கீதத்தை எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவருக்கு நௌஷாதின் பக்கத்தில் உட்கார்ந்து ராகத்தையும் பார்க்கிற வாய்ப்புக் கிடைத்தது.

பிறகு அமெரிக்கா. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் சுற்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் படிக்கப் போனது நியூ ஓர்லியன்ஸில் உள்ள சேவியர் பல்கலைக்கழகம். அந்த ஊரை 1718-ல் கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். எங்கள் சரித்திர வாத்தியார் வாயில் அது 'நுவேல் ஓர்லேயான்'. ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரான்சில் பெரிய கம்பெனி ஒன்றை நடத்தினார். 1719-ல் பல கம்பெனிகளைச் சேர்த்து ஒன்றாக்கியபோது அந்தக் கரையில் நியூ ஓர்லியன்ஸும் இந்தக் கரையில் எங்கள் புதுச்சேரியும் ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் வந்தன. சில வருஷம்தான், 1731-ல் அந்த நாட்டைக் கம்பெனி ராஜாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஜான் லாவின் தம்பி மகன்தான் 1765-லிருந்து 1777 வரை புதுச்சேரி கவர்னராக இருந்த லா தெ லொரிஸ்தோன். அவர் பேரில் ஒரு தெரு இன்றும் இருக்கிறது. சின்ன வயதில் அந்தத் தெருவில் சைக்கிள் விட்டவனுக்கு நியூ ஓர்லியன்ஸ் அந்நிய ஊராகத் தோன்றுமா?

ஜாஸ் பிறந்தது அங்கே. ஆப்பிரிக்க அடிமைகளின் பிள்ளைகளும், பிரெஞ்சு பேசும் கலப்பினக் குடும்பங்களும், கோவில் பாட்டும், சாவு ஊர்வல பாண்டு வாத்தியமும் சேர்ந்து கொதித்த சட்டி அது. ஆரம்ப கால ஜாஸ் பியானோவில் பெரிய பெயர் ஜெல்லி ரோல் மார்ட்டன். அவரும் பிரெஞ்சுப் பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம்தான். அந்த ஊர்க்காரர் சிட்னி பெஷே கடைசிக் காலத்தில் பிரான்சிலேயே குடியேறிவிட்டார். எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டில் பெஷேயின் 'பெத்தித் ஃபிளேர்' இசைத்தட்டு இருந்தது. சாயங்காலம் அவர் ஜன்னலைத் திறந்துவைத்துப் போட்டால் தெரு முழுக்கக் கேட்கும். சொப்ரானோ சாக்ஸபோன் வாத்தியம் அழுவது மாதிரியும் இருக்கும், அழுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது மாதிரியும் இருக்கும். நான் கேட்ட முதல் ஜாஸ் அதுதான்.

சேவியர் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பிலடெல்பியாவில் பெரிய பேங்க் முதலாளியின் மகள் காதரின் டிரெக்சல். சொத்தையெல்லாம் கறுப்பின மக்களுக்கும் செவ்விந்தியர்களுக்கும் பள்ளிக்கூடம் கட்டச் செலவழிக்கிறேன் என்று கன்னியர் மடம் தொடங்கியவர். 2000-ல் புனிதர் பட்டம் பெற்றவர். வெள்ளைக்காரர் காலேஜ்களில் கறுப்பர்களுக்கு இடம் இல்லாத காலத்தில், 1925-ல் அவர் முயற்சியில் பல்கலைக்கழகமானது இது. கறுப்பின மக்களுக்காக அமெரிக்காவில் ஏற்பட்ட ஒரே கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். குருமடத்தை விட்டுவந்த மலையாளி ஒருவர், சினிமா ஸ்டுடியோவையும் பார்த்துவிட்டு, அங்கே போய் மாணவனாக உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நியூயார்க் மாகாணத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பில் மேல்படிப்பு.

அந்த ஊர்க் கறுப்புக் கத்தோலிக்கர்களுக்கும் கோவில் வேறு, ஜாஸ் வேறு என்ற சண்டை இருந்தது. நியூயார்க்கில் மேரி லூ வில்லியம்ஸ் என்று ஒரு பெரிய ஜாஸ் பியானோக் கலைஞி. 1954-ல் பாரீஸில் ஒரு இரவு நிகழ்ச்சியின் நடுவில் பியானோவை விட்டு எழுந்து போய்விட்டார். இனி ஜெபம்தான் என்றார். 1957-ல் ஞானஸ்நானம் வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், திரும்பிப் போய் வாசியம்மா என்று அவரை வற்புறுத்தியவர்களில் சாமியார்களும் உண்டு. போனார், வாசித்தார். ஜாஸிலேயே பூசைப் பாட்டுகள் எழுதினார். 1975-ல் நியூயார்க் செயின்ட் பாட்ரிக் பேராலயத்தில் அந்தப் பாட்டோடு பூசை நடந்தது. எங்கள் அம்மாவுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன்.

ஜெரி அமல்தேவ் இந்தியாவுக்குத் திரும்பினபோது நாற்பது வயது. நவோதயா அப்பச்சன் புதுமுகங்களை வைத்து ஒரு படம் எடுத்தார். டைரக்டர் பாசிலுக்கு முதல் படம். வில்லனாக வந்த மோகன்லாலுக்கு முதல் படம். கதாநாயகி பூர்ணிமா ஜெயராம். எடுத்தது நம் கொடைக்கானலில். பெயர் 'மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்', 1980 கிறிஸ்துமசுக்கு வந்தது. பாட்டு எழுதியவர் பிச்சு திருமலை. பாடியவர்கள் ஜேசுதாசும் ஜானகியும். இசையமைப்பாளராக ஜெரி அமல்தேவுக்கும் அதுதான் முதல் மலையாளப் படம். முதல் படத்திலேயே கேரள அரசின் சிறந்த இசையமைப்பாளர் விருது.

1981-ல் நான் ஆவடியில் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். பிரெஞ்சில் படித்துவிட்டு இங்கிலீஷில் நோட் எழுதி, சூப்பிரண்டெண்ட் அதில் சிவப்பு மை அடித்து, அந்த அவமானமெல்லாம் ஓய்ந்துபோன காலம். ஆவடியில் மலையாளிகள் அப்போதே நிறைய. தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று எங்கும் இருப்பார்கள். ஞாயிறு காலைக் காட்சிக்கு மலையாளப் படம் வரும். அண்ணன் அந்த வாரம் என் குவார்ட்டர்சுக்கு வந்திருந்தார். பக்கத்து சீட்டு மலையாளி நண்பர் மூன்று டிக்கெட் வாங்கிவிட்டார். மொழி பாதிதான் புரிந்தது. இடைவேளையில் கடலை கொறித்துக்கொண்டே நண்பர் சாதாரணமாகச் சொன்னார்: "மியூசிக் போட்ட ஆளு சாமியாருக்குப் படிச்சு விட்டுட்டு வந்தவரு. எங்க ஊர்ப் பத்திரிகையில போட்டிருந்தான்."

அண்ணன் கையில் வைத்திருந்த கடலையைச் சாப்பிடவில்லை. "விட்டுட்டு வந்தவரா?" என்றார்.

"ஆமா. அமெரிக்கா எல்லாம் போய்ப் படிச்சிருக்காரு."

"பத்திரிகையில போட்டிருக்கானா? விட்டுட்டு வந்தார்னே போட்டிருக்கானா?"

நண்பருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. போட்டிருக்கிறான், அதில் என்ன என்றார். அண்ணன் மேலே பேசவில்லை. மிச்சப் படத்தில் அவர் திரையைப் பார்த்ததைவிடக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதுதான் அதிகம். அடுத்த நாள் அந்த நண்பரிடமிருந்து கேசட் வாங்கிவந்தேன். என் வீட்டில் இருந்த பானாசோனிக் டேப்பில் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு, இப்படியே இரண்டு மணி நேரம். "தம்பி, மேல ஜானகி பாடறதக் கேக்காத. அடியில வயலின் இறங்குது பாரு. அது பாஸ். நம்ம பாஸ்தான்." பதினாறு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டேன்.

அந்தப் பாட்டுகளில் என்ன இருந்தது என்று அவர் அன்றைக்குச் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன், எனக்கு அவ்வளவு ஞானம் கிடையாது. மெட்டு நம் ஊர் மெட்டு. மலையாளத்துக் காற்றும் ஈரமும் உள்ள மெட்டு. ஆனால் அதற்கு அடியில் ஸ்வரக் கூட்டங்கள் சும்மா நிற்கவில்லை, கோவில் பாட்டுக் குழு மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்துகொண்டே இருந்தன. வாத்தியங்கள் பாட்டை முந்திக்கொண்டு கத்தவில்லை. அந்தக் காலத்துப் படப் பாட்டில் அது அபூர்வம். தமிழில் அதே நேரத்தில் இளையராஜா இதைச் செய்துகொண்டிருந்தார், அவர் மயிலாப்பூர் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றவர். மலையாளத்தில் அப்போது கோலோச்சிய ஷ்யாம் என்கிற சாமுவேல் ஜோசப்பும் தன்ராஜ் மாஸ்டரின் மாணவர், நம் மெட்ராஸ்காரர். ஆக இந்தக் காது கிடைக்கும் வாசல்கள் இரண்டு மூன்றுதான் இருந்தன போலிருக்கிறது.

பாசிலோடு ஜெரி அமல்தேவ் சேர்ந்த படங்களில் 1983-ல் வந்தது 'என்டெ மாமாட்டிக்குட்டியம்மய்க்கு', அதுதான் 1988-ல் நம் 'என் பொம்முக்குட்டி அம்மாவுக்கு'. 1984-ல் 'நோக்கெத்தா தூரத்து கண்ணும் நட்டு'. பேத்திக்காகக் காத்திருக்கும் பாட்டி கதை. மறு வருஷமே 'பூவே பூச்சூடவா'. சித்ராவுக்குச் சின்னக்குயில் என்று நாம் பேர் வைத்தது அந்தத் தமிழ்ப் படத்துப் பாட்டினால்தான். மலையாளத்தில் ஜேசுதாசோடு சித்ரா பாடிய 'ஆயிரம் கண்ணுமாய்' இன்றும் கேரளத்தில் யாரைக் கேட்டாலும் முணுமுணுப்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எது உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் சண்டை வரும். அண்ணன் கட்சி எது என்று சொல்லவே வேண்டாம்.

பிறகு படங்கள் குறைந்தன. சினிமாவில் கம்ப்யூட்டர் சங்கீதம் வந்துவிட்டது. நாற்பது பேரை உட்கார வைத்துத் தாளில் எழுதி வாசிக்க வைக்கிறவருக்கு அங்கே வேலை சுருங்கியது. அவர் திரும்பிப் போனது எங்கே என்றால், தொடங்கின இடத்துக்கே: பாட்டுக் குழு. கொச்சியில் 'சிங் இந்தியா' என்று ஒரு குழுவை வைத்து நடத்தினார். இந்திய மொழிப் பாட்டுகளை நாலு குரலில் பாடும் கூட்டம். இதே காரியத்தைச் சென்னையில் எம்.பி. சீனிவாசன் 1971-ல் இளைஞர் சேர்ந்திசைக் குழு என்று தொடங்கிச் செய்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அவர் கம்யூனிஸ்டுக் கொள்கைக்காரர், இவர் குருமடத்துக்காரர். இரண்டு பேரும் வந்து நின்ற இடம் ஒன்று.

என் அண்ணன் விஷயம். 1981-க்குப் பிறகு அவர் பெரிய சங்கீதக்காரர் ஆகிவிட்டார் என்று கதை விடமாட்டேன். அரிசி மண்டிக் கணக்குதான் கடைசி வரை. ஆனால் அந்த வருஷம் கிறிஸ்துமசுக்குப் புதுச்சேரியில் பங்குச் சாமியாரிடம் போய், ஹார்மோனியம் சும்மா கிடக்கிறதே, நான் வாசிக்கவா என்று தாமே கேட்டார். அம்மா அப்போது இருந்தார். நள்ளிரவுப் பூசையில் முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, "வயித்துக்கு என்னடா வேணும்?" என்று அண்ணனைக் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

2016-ல் 'ஆக்ஷன் ஹீரோ பிஜு' என்று ஒரு மலையாளப் படம் வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஜெரி அமல்தேவ் இசை. எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். ஜேசுதாசும் நம் வேலூர்க்காரர் வாணி ஜெயராமும் சேர்ந்து பாடிய 'பூக்கள் பனிநீர்' என்ற பாட்டு அதில்தான். பாடியவர்களும் எழுபதைக் கடந்தவர்கள். எண்பதுகளிலிருந்து அப்படியே எடுத்துவந்து வைத்த மாதிரி இருக்கும்.

அண்ணன் அப்போது என்னோடு அம்பத்தூரில். அண்ணி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கண் பார்வை மங்கிவிட்டது, காது நன்றாக இருந்தது. பேத்தியின் போனை வாங்கி அந்தப் பாட்டைப் போட்டுக் காதருகே வைத்தேன். யார் என்று நான் சொல்லவில்லை. கட்டில் சட்டத்தில் இடது கை விரல்கள் மட்டும் மேலும் கீழும் நகர்ந்தன. பாட்டு முடிந்ததும், "அவரா?" என்றார். ஆமாம் என்றேன். "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். பாதியில் என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார்.